சரிங்க துரை

பூவிழியின் லிங்க்ட்இன் படத்தில் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண், கைகளைக் கட்டிக்கொண்டு, உலகத்தையே விலைபேச வந்தவளைப் போல நிற்கிறாள். நிற்பது பூவிழிதான். கோட்டுதான் அவளுடையது அல்ல. அது விடுதியில் அவளோடு தங்கியிருந்த துளசியின் கோட்டு. அந்த மாடியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அதே கோட்டைப் போட்டு, அதே சுவருக்கு முன்னால் நின்று, அதே மாதிரி கையைக் கட்டிப் படம் எடுத்திருந்தார்கள். எந்த முதலாளியாவது அந்தப் படங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்திருந்தால், மலேசியாவில் துணிப் பஞ்சம் வந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்.

படம் எடுக்கச் சொன்னவர் விரிவுரையாளர். பூவிழி கெடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் லாஜிஸ்டிக்ஸ் படித்தாள். சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கெடாமல், தாமதமில்லாமல் கொண்டு சேர்க்கும் படிப்பு. கடைசி ஆண்டில் ஒரு நிறுவனத்தில் சில மாதம் வேலை பழக வேண்டும். பிள்ளைகள் அதைப் ‘பிராக்டிக்கல்’ என்பார்கள். இடத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். “அப்பாவுக்குத் தெரிந்தவர், மாமாவுக்குத் தெரிந்தவர் என்று இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வீர்கள். மற்றவர்கள் லிங்க்ட்இன்னில் போய் ஆள் பிடியுங்கள்” என்றார் விரிவுரையாளர். பூவிழிக்கு அப்பா இல்லை. அவள் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோதே இறந்துவிட்டார். மாமா ஒருவர் உண்டு. அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ் ஏற்றும் லோரிக்காரர்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் லாஜிஸ்டிக்ஸ்தான். ஆனால் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளாது.

ஆகவே அவள் ஆள் பிடித்தாள். கிள்ளான், பினாங்கு, ஷா ஆலாம் என்று எங்கெல்லாம் சரக்கு நிறுவனங்கள் இருந்தனவோ அங்கெல்லாம் இருந்த மேனேஜர்களுக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கு, வணக்கம் சொல்லி, தன்னைப் பற்றி எழுதி, இடம் கேட்டாள். ஊர் என்று கேட்ட இடத்தில் ஈப்போ என்று போட்டிருந்தாள். தோட்டத்தில் பிறந்தவள் என்று தெரிந்தால் தன்னை ஒரு படி கீழே வைத்துப் பார்ப்பார்கள் என்ற பயம். பதில் வரவில்லை. இன்னார் உன் பக்கத்தைப் பார்த்தார் என்று மட்டும் கைப்பேசி அவ்வப்போது சொல்லும். பார்த்துவிட்டுப் பேசாமல் போனவரின் பெயரையும் முகத்தையும் தெரிந்துகொண்டு அவள் என்ன செய்வாள்? கூடப் படித்தவர்களோ ஒவ்வொருவராக, ‘பணிவோடும் பூரிப்போடும் அறிவிக்கிறேன்’ என்று தங்களுக்கு இடம் கிடைத்த செய்தியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பணிவானவர்கள் ஒரே இடத்தில் கூடியிருப்பதை அவள் கோயில் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை.

விடுமுறைக்கு வீடு வந்தபோது கையில் கோட்டும் இல்லை, இடமும் இல்லை.

வீடு என்பது ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில், தோட்டத்து லைனில் ஒரு வீடு. அம்மா நீலாவதி கொழுந்து எடுப்பவள். அவள் பெயர் செக்ரோலில் இருக்கும் வரைக்கும்தான் அந்த வீடு அவர்களுடையது. செக்ரோல் என்றால் தோட்டத்து ஆட்கணக்கு. அதில் பெயர் இருந்தால் நம் ஆள், இல்லாவிட்டால் வெளியாள். நீலாவதிக்கு அடுத்த ஆண்டு ஓய்வு வயது. அதற்குள் பூவிழி படித்து முடித்து, வேலைக்குப் போய், எங்காவது ஒரு வீடு பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது இருவரும் பேசி வைத்த ஏற்பாடு. பேசியது ஒரே ஒரு முறைதான். திரும்பப் பேசினால் பயம் வந்துவிடும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

கைப்பேசிக்கு லைன் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து மேலே ஏறி, மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ரோடு வளையும் இடத்துக்குப் போக வேண்டும். லைனில் லைன் கிடையாது. குடியிருக்கும் வரிசை வீடும் லைன்தான், கைப்பேசிக்கு வருகிற சமிக்ஞையும் லைன்தான். ‘லைன்ல லைன் இல்லலா’ என்று சொன்னால் பட்டணத்து ஆட்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. பூவிழி தினமும் ஏறினாள். மூடுபனி சரிவையும் ரோட்டையும் விழுங்கிவிடும். அவளும் கைப்பேசியும் கோயில் சுவரும் மட்டும் மிஞ்சுவார்கள். இந்த மலையை விட்டு இறங்கும் வழியையே யாரோ அழித்துவிட்டதைப் போல இருக்கும். சில நாள் அங்கேயே நின்று அழுதாள்.

ஒரு மாலை, அழுகை போய் எரிச்சல் வந்தது. ஈப்போவாவது ஒன்றாவது என்று ஊரை மாற்றினாள். அம்மாவின் படம் ஒன்றைப் போட்டாள்: தலையில் துணி கட்டி, முதுகில் கூடை மாட்டி, படம் எடுப்பவளை முறைத்துக்கொண்டு நிற்கும் நீலாவதி. பறித்த கொழுந்து மூட்டைக்குள் சூடேறுவதற்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் அத்தனையும் பாழ், இந்தப் பாடத்தை என் அம்மாவிடம்தான் முதலில் படித்தேன் என்று ஆங்கிலத்தில் எழுதினாள். கொஞ்சம் மிகைதான். நீலாவதி மகளுக்கு எந்தப் பாடமும் நடத்தியதில்லை. ‘மூட்டைய வெயில்ல வைக்காதடி’ என்று கத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். எழுதி முடித்ததும், எந்த நிறுவனத்தைப் பற்றியது என்று கைப்பேசி கேட்டது. தோட்டத்துக் கம்பெனியின் பெயரையும் காட்டியது. பூவிழி யோசிக்காமல் அதைத் தொட்டுவிட்டாள்.

மறுநாள் வளைவுக்குப் போனபோது கைப்பேசி அதிர்ந்து அடங்கவே நேரமாயிற்று. தெரியாதவர்கள் எல்லாம் கைதட்டியிருந்தார்கள். கண்ணீர் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். பதிலே போடாத மேனேஜர்கள்கூடக் கைதட்டியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் உமாதேவி என்ற ஒருத்தி தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் மேனேஜர். உன்னிடம் பேச வேண்டும் என்றிருந்தாள்.

நேர்காணல் அதே வளைவில் நடந்தது. கைப்பேசியைக் கோயில் சுவரில் சாய்த்து வைத்து, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே சேறு அப்பிய ரப்பர் பூட்ஸுமாக நின்று பூவிழி பதில் சொன்னாள். ஆங்கிலத்தில் தொடங்கிய உமாதேவி பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள்.

“மிஸ்ஸு கிஸ்ஸு எல்லாம் வேணாம்மா, அக்கான்னே கூப்புடு. நானும் எஸ்டேட்டுதான், கெடா பக்கம். வெளிய வர எவ்ளோ கஷ்டம்னு தெரியும்லா. இடம் ஒனக்குத்தான். திங்கக்கெழம ஹெச்.ஆர். லெட்டர் அனுப்புவாங்க. அதுக்குள்ள வேற எங்கயும் தலையாட்டிறாத.”

“மாட்டேங்க்கா” என்றாள் பூவிழி. சத்தியம் செய்வதைப் போலச் சொன்னாள்.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னபோது நீலாவதி சமைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, “கிள்ளான்னா கடல் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்மா. கப்பலு, கிரேனு எல்லாம் தெரியும்.”

“நான் கடல ஒரே ஒருவாட்டிதான் பாத்துருக்கேன்” என்றாள் நீலாவதி.  அன்று முழுவதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்க்கவே பூவிழிக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்த வெளிச்சம் மறுநாள் காலைப் பெரட்டோடு போயிற்று. பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும்போது, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் நீலாவதியைத் தனியாகக் கூப்பிட்டு, உன்னைப் பற்றி உன் மகள் எதையோ எழுதியிருக்கிறாளாம், துரை வரச் சொன்னார், அவளையும் கூட்டிக்கொண்டு வா என்றாராம்.

“என்னாத்த எழுதுன? என்னையப் பத்தி என்னாத்தடி எழுதுன?” என்று நீலாவதி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“நல்லதாத்தாம்மா எழுதுனேன்.”

“நல்லதா எழுதுனா எதுக்கு துரை கூப்புடுறாரு?”

 துரை கூப்பிட்டு நல்ல செய்தி சொன்னதாக அந்த லைனில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

துரை என்றால் தோட்டத்து மேனேஜர். இந்தத் துரை ஜெகதீஸ்வரன் வயதில் சின்னவர். பெட்டாலிங் ஜெயாவில் பிறந்து வளர்ந்தவர், வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. வந்த முதல் நாள் பெரட்டில், “என்னைத் துரைன்னு கூப்பிடாதீங்க. அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோட போச்சு. ஜெகான்னு சொன்னா போதும்” என்றார். கூடியிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், “சரிங்க துரை” என்றார்கள்.

நீலாவதியும் பூவிழியும் உள்ளே போனதும் அவர் எழுந்து நின்று வரவேற்றார். நீலாவதிக்கு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். குடிக்க மைலோ வரவழைத்தார்.

“பூவிழி, ஹெட் ஆபீஸ்ல எல்லாரும் உங்க போஸ்ட் படிச்சாங்க. அங்க ஒரே பேச்சு அதான். நம்ம எஸ்டேட்டுப் பொண்ணு யூனிவர்சிட்டியில படிக்குதுன்னு எங்களுக்கே தெரியாமப் போச்சே! பிராக்டிக்கல் இங்கயே பண்ணுங்க. மிஸ்டர் சாம்பசிவம் ரிட்டையர் ஆகப் போறாரு. பிராக்டிக்கல் முடிஞ்சதும் அந்த வேலை உங்களுக்குத்தான். உங்க பேரு செக்ரோல்ல ஏறிட்டா வீடும் உங்களுக்கே இருக்கும். அம்மா எங்கயும் போக வேண்டியதில்ல. ஓகேயா?”

கெட்டவன் ஒருவன் இப்படிக் கதவைச் சாத்தியிருந்தால் பூவிழி எட்டி உதைத்திருப்பாள். இவரோ நாற்காலி போட்டு, மைலோ கொடுத்து, அம்மாவின் பெரிய பயம் எது என்று தெரிந்து அதையே எடுத்துப் போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பூவிழி அம்மாவைப் பார்த்தாள். நீலாவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி மறுப்பது என்று பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பே எடுத்திருந்தார்கள். நன்றி சொல்லி, காரணம் சொல்லி, மரியாதையாக மறுக்கும் ஆங்கில வாக்கியங்கள் அவளுக்கு மனப்பாடம். அவள் வாயைத் திறந்தாள்.

“சரிங்க துரை” என்றது வாய்.

துரை எழுந்து கைகொடுத்தார்.

வெளியார் யாராவது இதைக் கேட்டால், பெண் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் சொல்லமாட்டார்கள். அங்கே துரையின் முகத்துக்கு நேராக யாரும் முடியாது என்று சொன்னதில்லை. துரை எது கேட்டாலும் “சரிங்க துரை” என்றுதான் வாயில் வரும். காதில் விழுந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். நிஜமாகவே சம்மதம் என்றால், “எப்பங்க வரணும், எங்கங்க நிக்கணும்” என்று கூட ஏதாவது கேட்பார்கள். வெறும் “சரிங்க துரை” மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தால் முடியாது என்று பொருள். அந்த முடியாது மறுநாள் கிராணியிடம் போகும். கிராணி நேரம் பார்த்து, பக்குவமாக, “அவுங்களுக்குத் தோதுப்படாதாம் துரை” என்று உள்ளே கொண்டு சேர்ப்பார். பழைய துரைமார்களுக்கு இது தெரியும். யாராவது “சரிங்க துரை” என்றால், மறுநாள் கிராணி என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்வார்கள். ஜெகதீஸ்வரன் தமிழர்தான், பேசுவது தமிழ்தான். ஆனால் இந்த அர்த்தத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆபீஸ் படி இறங்கி, தேயிலைக்கு நடுவில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் நீலாவதி பேசினாள்.

“காலைல கிராணிகிட்ட சொல்லிப்புடுறேன்.”

“என்னான்னும்மா?”

“முடியாதுன்னுதான். வேற என்னா?”

“வீடு?”

“வீட்டப் பாத்துக்கலாம்லா. நீ மொதல்ல கப்பலப் பாரு.”

சொல்லிவிட்டு அவள் வேகமாக முன்னால் நடந்தாள். முகத்தைக் காட்டக் கூடாது என்றுதான் அப்படி நடக்கிறாள் என்று பூவிழிக்குத் தெரிந்தது. அம்மாவை அன்று போல அவள் என்றுமே நேசித்ததில்லை. தன்னைப் பற்றி அன்று போல என்றுமே வெட்கப்பட்டதும் இல்லை.

அன்று மாலை மழை கொட்டியதால் அவள் வளைவுக்கு ஏறவில்லை. விடிந்ததும் அம்மா பெரட்டுக்குப் போக, பூவிழி மேலே ஏறினாள். லைன் கிடைத்ததும் கைப்பேசி துள்ளத் தொடங்கியது. வாழ்த்து, வாழ்த்து, வாழ்த்து. துளசி, விரிவுரையாளர், கூடப் படித்தவர்கள், கண்ணீர் விட்ட அந்நியர்கள். துரை முந்தின நாள் மாலையே போட்டிருந்தார்: ‘எங்கள் தோட்டத்தின் மகள் பூவிழி எங்களோடு இணைகிறாள் என்பதைப் பணிவோடும் பூரிப்போடும் அறிவிக்கிறேன்.’ கீழே அந்தக் கறுப்புக் கோட்டுப் படம்.

தோட்டத்தில் ஒரு ‘முடியாது’ கீழேயிருந்து மேலே போய்ச் சேர ஒரு நாளாவது ஆகும். துரையின் ‘பூரிப்பு’ ஒரே நொடியில் உலகம் முழுக்கப் போய்விட்டது.  வாழ்த்துகளுக்கு நடுவில் உமாதேவியின் செய்தியும் இருந்தது. ‘வாழ்த்துகள் தங்கச்சி. பார்த்தேன். முன்னாடியே சொல்லியிருக்கலாம்.’ அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் பூவிழி அவளைக் கூப்பிட்டாள்.

“அக்கா, நான் ஒத்துக்கலக்கா. சரின்னு மட்டுந்தான் சொன்னேன்.”

 உமாதேவி சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு அல்ல. எஸ்டேட்டில் பிறந்தவளாயிற்றே, அவளுக்கு விளங்கிவிட்டது.

“எனக்குப் புரியுதும்மா. எங்க ஹெச்.ஆர்.க்கு எப்படிப் புரிய வைக்கிறது? அவுங்க அந்தப் போஸ்டப் பாத்துட்டு அடுத்த ஆளக் கூப்புடப் போறாங்க. இன்னிக்கு ஆபீஸ் மூடுற வரைக்கும் நான் புடிச்சு வைக்கிறேன். ஒங்க மேனேஜர்கிட்டச் சொல்லி அத எடுக்கச் சொல்லு. எடுத்ததும் எனக்கு ஒரு வார்த்த போடு. நேரா போய்ச் சொல்லு, என்னா?”

“சரிங்க்கா.”

பூவிழி சரிவில் இறங்கினாள் என்பதைவிடச் சறுக்கினாள் என்பதே சரி. ஆபீஸில் சாம்பசிவம் தன் மேசையில் உட்கார்ந்து, சட்டைப் பையில் பேனாவைச் சரிசெய்துகொண்டிருந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் இந்த ஊரின் முடியாதுகளை எல்லாம் உள்ளே கொண்டுபோனவர்.

“அங்கிள், அம்மா சொன்னாங்களா?”

“பெரட்டுலயே சொல்லிட்டா. சொல்லுறேன்மா.”

“இப்பவே சொல்லணும் அங்கிள். இன்னிக்குள்ள அந்தப் போஸ்ட எடுக்கணும்.”

“இப்பவேயா? இப்ப ஹெட் ஆபீஸ்காரவுங்களோட போன்ல இருக்காரு. ஒரே சிரிப்பும் கும்மாளமுமா இருக்கு. இந்த நேரத்துல போயி இல்லன்னு சொன்னா, மனுசனுக்கு எப்படி இருக்கும்? டீ குடிச்சதும் சொல்லுறேன்.”

“நானே போய்ச் சொல்லட்டா?”

சாம்பசிவம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பயமுறுத்தும் பார்வை அல்ல. நிஜமாகவே அவள்மேல் இரக்கப்பட்ட பார்வை.

“ஒங்கம்மாவுக்கு இன்னும் ஒரு வருசம் இங்க இருக்கு பாப்பா. நீ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு பஸ் ஏறிடுவ. தெனமும் அவர் முன்னாடி நிக்கப் போறது அவ.”

இது போதுமானதாக இருந்தது. பூவிழி பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே டீ போயிற்று, கோப்பை திரும்பி வந்தது. சாம்பசிவம் ஒருமுறை எழுந்து கதவு வரைக்கும் போனார். உள்ளே மறுபடியும் போன் அடித்தது, திரும்பி வந்துவிட்டார். பிறகு துரையே கையில் கார்ச் சாவியோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“பூவிழி! பாத்தீங்களா? எவ்வளவு பேரு வாழ்த்திருக்காங்க!”

இதோ அவர், ஒரு கை தூரத்தில். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அவளுக்குப் பின்னால் சாம்பசிவம் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“பாத்தேங்க துரை” என்றாள் பூவிழி.

“தானா ராத்தாவில மீட்டிங். நாளைக்குப் பேசலாம்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சாம்பசிவம் பெருமூச்சு விட்டார். “நாளைக்குக் காலைல மொத வேலையாச் சொல்லிப்புடலாம்” என்றார். அவருடைய கணக்கில் அது தாமதமே இல்லை.

பூவிழி மறுபடியும் வளைவுக்கு ஏறினாள். துரைக்கு நேராகச் செய்தி அனுப்பும் பெட்டி அவள் கைப்பேசியிலேயே திறந்து கிடந்தது. கிராணியும் வேண்டாம், கங்காணியும் வேண்டாம், கதவைத் தட்டவும் வேண்டாம். முன்பின் தெரியாத எத்தனையோ மேனேஜர்களுக்குக் கூசாமல் எழுதியவள்தான் அவள். சார் என்று எழுதினாள். மன்னியுங்கள் என்று எழுதினாள். அம்மா தினமும் அவர் முன்னால் நிற்கப் போவதை நினைத்தாள். அழித்தாள். திரும்ப எழுதினாள். கொழுந்து ஏற்றிய லோரி பக்கத்தில் உறுமிக்கொண்டு ஏறிப் போயிற்று. கொடுத்த கெடு முடிந்தபோது அவள் அழித்து முடித்திருந்தாள்.

உமாதேவி ஒரே ஒரு வரி அனுப்பினாள். ‘அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்கம்மா. எங்க இருந்தாலும் நல்லா செய்.’ அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது பூவிழிக்கு. மறுநாள் சாம்பசிவம் துரையிடம் சொல்வதற்காக எழுந்தபோது, வேண்டாம் அங்கிள் என்று அவளே தடுத்தாள். இனிமேல் போவதற்கு வேறு இடமும் இல்லை.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள். துரை நல்லவிதமாகவே நடத்தினார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை கம்பெனியைப் பற்றி லிங்க்ட்இன்னில் எழுதச் சொன்னார். பூவிழி எழுதினாள், பணிவும் பூரிப்பும் அவளுக்கும் கைவந்தன. சாம்பசிவம் ஓய்வு பெற்றுப் பிரிஞ்சாங்கில் மகன் வீட்டுக்குப் போனதும் அவருடைய மேசையும், ஆட்கள் வந்து குறை சொல்லும் சன்னலும் அவளுக்கு வந்தன. லைனில் எல்லாரும் அவளைக் ‘கிராணிம்மா’ என்றார்கள். தூக்கி வளர்த்தவர்கள்கூட மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். அவளுக்கு மூச்சு முட்டியது. மத்தியானத்தில் சில சமயம் எழுந்து கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சும்மா நின்றுவிட்டு வருவாள்.

சன்னலுக்கு வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் முடியாதுகள்தான். ஞாயிறு வேலைக்கு வர முடியாது, கொழுந்து எடுக்க வேறு மலைக்கு மாற முடியாது என்று. ஒவ்வொன்றையும் அவள் உள்ளே கொண்டுபோனாள். அப்படி ஒரு நாள் சன்னலில் நீலாவதி நின்றாள், முதுகில் கூடையோடு, மற்றவர்களுக்கு நடுவில் வரிசையில்.

“என்னாம்மா?”

“துரை மலைக்கு வந்தாரு. நம்ம ரெண்டு பேரையும் வீடியோ எடுக்கணுமாம். நீயும் நானும் கொழுந்துக்கு நடுவுல சிரிச்சுக்கிட்டு நிக்கணுமாம்.”

“நீ என்னா சொன்ன?”

“சரிங்க துரைன்னேன்.” நீலாவதி கூடைக் கயிற்றைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். “முடியாதுன்னு சொல்லிரு பூவு. ஒன்னைய இங்க புடிச்சு வச்சுக்கிட்டு, அதுக்குச் சிரிக்க வேற என்னால ஆகாது.”

பூவிழிக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்களே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து துரையின் அறைக்குப் போனாள். அவர் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் பார்க்க வேண்டும், பக்குவம் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

“வீடியோவுக்கு எங்கம்மா வரமாட்டாங்களாம், சார்.”

“அப்படியா? ஓகே, வேணாம்னா விட்டுருவோம்” என்றார் துரை, தலையைக்கூடத் தூக்காமல். பிறகு ஏதோ தோன்றியவராக நிமிர்ந்தார். “ஆமா, பிடிக்கலேன்னா அவுங்களே என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே? நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?”

பூவிழி கதவைப் பிடித்துக்கொண்டாள். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து முடியாது என்று சொல்லியிருந்தால், அன்றும் இவர் இப்படித்தான், ஓகே என்றிருப்பார். தலையைக்கூடத் தூக்கியிருக்க மாட்டார்.

“என்ன, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் துரை.

“ஒன்னும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நீலாவதி சன்னல் கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“என்னா சொன்னாரு? கோவமா?”

“இல்லம்மா. சரின்னுட்டாரு.”

“அவ்ளோதானா?” நீலாவதியின் முகம் தெளிந்தது. “நான் பயந்தே போயிட்டேன்லா.” அவள் கூடையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு, மழை வருமுன் சேர வேண்டும் என்று சரிவில் இறங்கிப் போனாள். அவள் தலைத்துணி தேயிலைக்குள் மறையும் வரைக்கும் பூவிழி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். சன்னலில் அடுத்து நின்ற ராமையா, துரை தன்னை இரவுக் காவலுக்குப் போகச் சொல்லிவிட்டதாகவும், தானும் சரிங்க துரை என்று சொல்லிவிட்டு வந்ததாகவும் தொடங்கினார்.

“முடியாதுன்னு சொல்லணும், அவ்ளோதானே?” என்றாள் பூவிழி. “நான் சொல்லிக்கிறேன், நீங்க போங்க.”